வள்ளத்தாலை ஆள் விழுந்தால்: சின்னப் போட்டுக்கு எது பொருந்தும்?

கரைவலை

எங்கடை பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்திலை ஒட்டுறதுக்கு ஒரு தாள் எழுதவேணும். 18 தொடக்கம் 23 அடி பைபர் போட், 15 அல்லது 25 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின், ரெண்டு மூண்டு பேர், இரவுத் தொழில். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் பெரிய கப்பலுக்கும் குளிர்க் கடலுக்கும் எழுதினது. மயிலிட்டியாலை, வல்வெட்டித்துறையாலை, குருநகராலை போற போட்டுக்கு அதிலை எது பொருந்தும், எது பொருந்தாது? விபரமாய் எழுதுங்கோ. 'கவனமாய் இருங்கோ' எண்டு மட்டும் ஒருத்தரும் எழுதவேண்டாம்.

சோளகம்

முதல் கணக்கைப் பாருங்கோ, மிச்சம் தானாய் விளங்கும். 6 நொட்டிலை (மணிக்கு 6 கடல்மைல்) போற போட் ஒரு நிமிசத்திலை 185 மீற்றர் போகும். 15 நொட் எண்டால் 460 மீற்றருக்கு மேலை. தண்ணியிலை கிடக்கிற ஆளின்ரை தலை ஒரு தேங்காயளவு. ஒரு மீற்றர் அலையிலை அந்தத் தேங்காய் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், பாதி நேரம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதல் வேலை திரும்புறது இல்லை, தூரம் கூடாமல் பாக்கிறது.

ஆள் விழுகிறதைக் கண்டவர் கத்தோணும், கை நீட்டிக் காட்டோணும், அந்தக் கையை இறக்கவே கூடாது. எஞ்சின் பிடிச்சிருக்கிறவர் கியரை நியூற்றலுக்கு எடுத்துக்கொண்டு ஆள் விழுந்த பக்கத்துக்கே கைபிடியாலை அணியத்தைத் திருப்போணும். அணியம் வலப்பக்கம் போனால் பின்பக்கம் இடப்பக்கம் விலகும், எஞ்சின் விசிறி ஆளை விட்டுத் தள்ளிப்போகும். மாறித் திருப்பினால் விசிறியை ஆளுக்கு மேலை கொண்டுபோறமாதிரி.

கை காட்டுறவருக்கு வேறை ஒரு வேலையும் குடுக்கக்கூடாது. மூண்டு பேர் போட்டிலை இது லேசு. ரெண்டு பேர் போட்டிலை மிஞ்சிறது ஒரே ஆள், அவர்தான் எஞ்சினும் பாக்கோணும், கண்ணும் வைக்கோணும். அதாலை ரெண்டு பேர் போட்டுக்கு உடனை எறியிற மிதப்பு இன்னும் முக்கியம். கண் தவறினாலும் மிதப்பு இடத்தைக் காட்டும்.

பாக்குநீரிணை

சோளகம் அண்ணை சொன்னது மற்றவர் விழுந்தால். எஞ்சின் பிடிச்சவரே விழுந்தால்?

கைபிடி எஞ்சினிலை ஆள் இல்லாமல் விசிறி சுத்தினால் அதின்ரை இழுவையாலை கைபிடி ஒரு பக்கம் மடங்கும், போட் வட்டமடிக்கும். நேரை ஓடிப்போனால்கூடப் பரவாயில்லை. வட்டமடிச்சால் விழுந்தவருக்கு மேலையே திரும்பி வரும். இதுக்குத்தான் எஞ்சினோடை வாற சிவப்புச் சுருள் கயிறு, கில் சுவிட்ச் கயிறு. காலிலை முழங்காலுக்கு மேலை கொழுவினால் வலை இழுக்கேக்கை கைக்குத் தடங்கல் இல்லை. ஆள் விழுந்தால் கிளிப் கழரும், எஞ்சின் நிக்கும்.

இதிலை ரெண்டு பிழை விடுறவை. ஒண்டு, கயிறை எஞ்சின் மூடியிலையே சுத்திக் கட்டி வைக்கிறது. அது கிளிப் கழராமல் இருக்கச் செய்யிற ஏற்பாடு, விழுந்தவருக்கு ஒரு பிரியோசனமும் இல்லை. ரெண்டாவது பிழை இன்னும் மோசம், ஆனால் ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. கிளிப் விழுந்தவரின்ரை காலோடை தண்ணிக்குள்ளை போட்டுது. மிஞ்சினவர் எஞ்சினை எப்பிடி ஸ்ரார்ட் பண்ணுறது? கிளிப் இல்லாமல் ஏறாது. எஞ்சின் கொம்பனிக்குக் கொம்பனி கிளிப் வடிவம் வேறை. உங்கடை எஞ்சினுக்குப் பொருந்தின மேலதிகக் கிளிப் ஒண்டு எஞ்சினுக்குக் கிட்ட நைலோன் நூலிலை கட்டித் தொங்கோணும், பெட்டிக்குள்ளை இல்லை. அதோடை போட்டிலை போற எல்லாருக்கும் எஞ்சின் இழுத்து ஸ்ரார்ட் பண்ணி கியர் போடத் தெரிஞ்சிருக்கோணும். தெரியாத ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போறது தனியப் போறதுக்குச் சமன்.

நீலவலை

கயிறு கட்டிக்கொண்டு வலை வளைக்க ஏலாது அண்ணை. போட்டுக்குள்ளை அங்கையும் இங்கையும் நடக்கோணும். சொல்லுறது லேசு.

பாக்குநீரிணை

வலை வளைக்கேக்கை இல்லை, ஓடேக்கை கட்டச் சொல்லுறன். தொழில் இடத்துக்குப் போறதும் வாறதும் தான் கூடின வேகம். வலை வளைக்கேக்கை போட் மெதுவாய்த்தானே போகுது. அந்த நேரத்து ஆபத்து வேறை.

தங்கூசி

அந்த வேறை ஆபத்தைப் பற்றி எழுதுறன், ஏனெண்டால் எங்கடை தொழிலிலை ஆள் கடலுக்குப் போறதுக்கு முக்கியமான வழி இதுதான்: வலை போகேக்கை கயிற்று வளையத்துக்குள்ளை கால் மாட்டுறது. மேல் கயிறு மிதப்போடை போகும், கீழ் கயிறு ஈயத்தோடை போகும். இந்தக் கீழ் கயிறிலை கால் மாட்டினால் ஆள் விழுறதில்லை, இழுபட்டுப் போறார்.

இந்த இடத்திலை எல்லாரும் செய்ய ஓடுறது கத்தியாலை வலையை வெட்டுறது. போட் பக்கம் வெட்டாதேங்கோ! ஆள் அந்த வலையிலைதான் கட்டுப்பட்டிருக்கிறார். வெட்டினால் ஆளையும் போட்டையும் இணைக்கிற ஒரே கயிறை வெட்டினதாகும். எஞ்சினை நியூற்றலுக்கு எடுத்து, நிப்பாட்டி, வலையைக் கையாலை திருப்பி இழுங்கோ. ஆள் வலையோடை வருவார். ரிவேர்ஸ் போடக்கூடாது, போட்டால் தங்கூசி (வலையின்ரை நைலோன் இழை) விசிறியிலை சுத்தும், பிறகு எஞ்சினும் இல்லை, வலையும் இல்லை. ஆள் கைக்கு எட்டின பிறகு, அவரின்ரை காலுக்கு அங்காலை, கடல் பக்கம் வெட்டோணும்.

கத்தி: ஒண்டு போட் விளிம்பிலை உறையோடை, இன்னொண்டு வலை விடுறவரின்ரை இடுப்பிலை. முனை மழுங்கின கத்தி, பல்லு வெட்டின அலகு. கூரான கத்தி ஆடுற போட்டிலை கயிறை விட ஆளை வெட்டும். இழுபட்டவருக்கு நிமிசக் கணக்கு இல்லை, செக்கன் கணக்கு. கத்தி எங்கை எண்டு தேடினால் சரி வராது.

வலையை அடுக்கேக்கை ஒருத்தர் நிக்கிற இடத்துக்கு வலை வராமல் நடுவிலை ஒரு பலகைத் தடுப்பு வைச்சால் பாதிப் பிரச்சினை விழுறதுக்கு முதலே முடியும். அரை அடிப் பலகை காணும்.

ஒளிவீடு

கடல் குளிர் பற்றிக் கேட்டிருந்தீங்கள். வெளிநாட்டுக் குறிப்பிலை 1-10-1 எண்டு ஒரு கணக்கு வரும்: ஒரு நிமிசம் மூச்சைக் கட்டுப்படுத்த, 10 நிமிசம் கை கால் வேலை செய்யும், ஒரு மணித்தியாலத்திலை நினைவு போகும். அது உறைகுளிர்த் தண்ணிக்கு. எங்கடை கடல் வருசத்திலை பெரும்பாலும் 26 தொடக்கம் 30 பாகை. முதல் நிமிச அதிர்ச்சி இங்கை பெரிசாய் இல்லை. ஆனால் தண்ணி காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாய் உடம்புச் சூட்டை இழுக்கும், உடம்புச் சூடு 37. இரவு முழுக்கக் கிடந்தால், அதுவும் வாடைக் காத்திலை, இங்கையும் உடம்பு குளிர்ந்து போகும். எங்கடை கடலிலை முதல் எதிரி களைப்பும், அலை வாய்க்குள்ளை அடிக்கிறதும். நீந்தத் தெரிஞ்சவர் போட்டைத் துரத்தி நீந்திப்போய்க் களைக்கிறார். துரத்தக்கூடாது. நிமிர்ந்து மல்லாக்க மிதந்து, அலைக்கு முதுகைக் காட்டி, கையைத் தண்ணிக்கு மேலை தூக்காமல் இருக்கோணும். கையைத் தூக்கினால் தலை தாழும்.

உடுப்பைக் கழட்டவேணாம். சாரம் மட்டும் காலிலை சுத்தும். ஆனால் ஈரச் சாரத்தின்ரை ஒரு பக்க வாயை முடிஞ்சு, மற்றப் பக்கத்தாலை காத்தைப் பிடிச்சு அமத்தினால் கொஞ்ச நேரம் மிதப்பாய் நிக்கும். ஈரத்துணி காத்தை மெதுவாய்த்தான் விடும், திருப்பித் திருப்பி நிரப்பலாம். பூட்சுக்குள்ளை தண்ணி நிரம்பினால் ஆளைக் கீழை இழுக்கும் எண்டு சொல்லுறது பிழை. தண்ணிக்குள்ளை தண்ணிக்கு நிறை இல்லை. நீந்தத்தான் தடங்கல், ஏறேக்கைதான் பாரம்.

கரைவலை

எறியிற மிதப்புக்கு என்ன வைக்கிறது? கப்பல் வளையம் விலை கூட.

சோளகம்

கப்பலுக்கான வளையம் 2.5 கிலோவுக்குக் குறையக்கூடாது, வெளி விட்டம் 80 சென்ரிமீற்றருக்கு மேலை போகக்கூடாது, நன்னீரிலை 14.5 கிலோ இரும்பை 24 மணித்தியாலம் தாங்கோணும். சின்னப் போட்டுக்கு அந்தப் பருமன் இடைஞ்சல்தான். மூடி இறுக்கின 5 லீற்றர் வெறும் கான் ஒண்டு ஏறக்குறைய 5 கிலோ தூக்கும், தலையைத் தண்ணிக்கு மேலை வைச்சிருக்க அது காணும். 20 லீற்றர் எண்டால் ரெண்டு பேர் பிடிக்கலாம். கைபிடியிலை கை நுழையிற ஒரு வளையக் கயிறு கட்டுங்கோ, ஈரக்கைக்குக் கான் வழுக்கும். மூடிக்கு ரப்பர் வாசர் போடுங்கோ, எண்ணெய்க் கானைக் கழுவிப்போட்டு எடுங்கோ.

அதோடை மிதக்கிற பொலிபுரொப்பிலீன் கயிறு 8 மில்லிமீற்றர் தடிப்பிலை 20 மீற்றர், வாய் அகலமான ஒரு பையுக்குள்ளை சுத்தாமல் திணிச்சு வைக்கிறது. சுத்தி வைச்ச கயிறு எறியேக்கை முடிச்சுப் போடும். திணிச்சு வைச்சால் வரிசையாய் வெளியிலை வரும். நைலோன் கயிறு தாழும், அது இந்த வேலைக்குச் சரிவராது. தலைக்கு மேலாலை, தோளைத் தாண்டி விழுறமாதிரி எறியோணும். முன்னாலை விழுந்த கயிறை எட்டிப் பிடிக்கிறது கஷ்டம்.

நாவிகன்

ஒரு திருத்தம், கோவிக்கவேண்டாம். ஆளுக்கு எறியிற வெறும் கானை இடம் காட்டுற மிதப்பாய் நம்பாதேங்கோ. வெறும் கான் காத்தோடை ஓடும், ஆள் நீரோட்டத்தோடை போவார். அரை மணித்தியாலத்திலை ரெண்டும் ரெண்டு பக்கம். இடம் காட்டுறதுக்கு வேறை கான், முக்கால் வாசிக்குத் தண்ணி நிரப்பி, கழுத்திலை ஒரு சின்ன லைட் கட்டினது. அது ஆளைப் போலத் தாழ்ந்து மிதந்து ஆளோடை போகும்.

ஜிபிஎஸ்ஸிலை ஆள் விழுந்தால் அமத்துற பட்டன் கனக்கக் கருவிகளிலை இருக்குது, சிலதிலை நீட்டி அமத்தவேணும். அமத்துங்கோ. ஆனால் அது காட்டுறது விழுந்த இடம், ஆள் இருக்கிற இடமில்லை. ஒரு நொட் நீரோட்டம் எண்டால் நிமிசத்துக்கு 31 மீற்றர், அரை மணித்தியாலத்துக்கு 900 மீற்றருக்கு மேலை. பட்டனை நம்பி அந்தப் புள்ளியைச் சுத்திக்கொண்டிருக்கிறதை விட மிதப்பைச் சுத்துறது மேல்.

கப்பல் குறிப்புகளிலை வாற வில்லியம்சன் திருப்பம் பற்றி: விழுந்த பக்கத்துக்குச் சுக்கானை முழுக்க வளைச்சு 60 பாகை திரும்பினதும், எதிர்ப்பக்கம் முழுக்க வளைச்சு, வந்த வழிக்கு நேர் எதிர்த் திசைக்கு 20 பாகை இருக்கேக்கை சுக்கானை நேராக்கிறது. இரவிலை, ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போனால், வந்த தடத்திலையே திரும்பி வர அது உதவும். நெடுநாள் போட்டுக்குச் சரி. 18 அடி போட் தன்ரை நீளத்துக்குக் கொஞ்சம் கூடத் திரும்பும், அதுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை.

ஒளிவீடு

கிட்டப் போறது எந்தப் பக்கத்தாலை? காத்துக்கு மேல் பக்கமோ (காத்து வாற பக்கம்) கீழ் பக்கமோ (காத்து போற பக்கம்)?

நாவிகன்

கீழ்ப்பக்கத்தாலை, காத்தை எதிர்த்து மெதுவாய். அப்பத்தான் போட் கட்டுப்பாட்டிலை நிக்கும்.

தங்கூசி

அது பாரமான போட்டுக்கு. பைபர் போட் வெறுமையாய் நிண்டால் காத்துக்குக் கடதாசி மாதிரி. கீழ்ப்பக்கத்திலை நிண்டு எஞ்சினை நிப்பாட்டினால் போட் ஆளை விட்டு விலகிப்போகும், பிறகு திருப்பி எஞ்சின், விசிறி, ஆளுக்குக் கிட்ட. மேல்பக்கத்திலை 10 மீற்றர் தள்ளி நிப்பாட்டினால் போட் தானாய் ஆளிட்டை வரும், எஞ்சினும் நிண்டிருக்கும்.

நாவிகன்

அலை பெரிசாய் இருந்தால் போட் ஆளுக்கு மேலை ஏறும். விலா உடையும்.

சோளகம்

ரெண்டு பேரும் சரி, ரெண்டு பேரும் கிட்டப் போகப் பாக்கிறீங்கள். 8, 10 மீற்றரிலை நிண்டு கயிறு எறிஞ்சால் இந்தச் சண்டையே இல்லை. அலை குறைவெண்டால் மேல்பக்கம், அலை கூடவெண்டால் கீழ்ப்பக்கம். எந்தப் பக்கமெண்டாலும் ஆள் கைக்கு எட்டுற நேரத்திலை எஞ்சின் நிண்டிருக்கோணும். நியூற்றல் காணாது, தவறிக் கை பட்டால் கியர் விழும்.

பாக்குநீரிணை

ஏத்துறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. எல்லாத்திலும் கஷ்டம் அதுதான்.

விளிம்பு தண்ணிக்கு மேலை இரண்டு அடிதான். ஆனால் 70 கிலோ ஆள் தண்ணியை விட்டு வெளியிலை வரவர அந்த 70 கிலோவும் உங்கடை கையிலை வரும். ரெண்டு பேரும் ஒரே விளிம்பிலை குனிஞ்சால் போட் சரியும், மற்றவரும் விழுவார். மூண்டு பேர் எண்டால் ஒருத்தர் எதிர்ப்பக்கத்திலை இருந்து பாரம் குடுக்கோணும்.

நினைவோடை இருக்கிறவருக்கு ஒரு கயிற்று வளையம் போதும். விளிம்பிலை உறுதியான இடத்திலை கட்டி, வளையம் தண்ணிக்குள்ளை முழங்கால் ஆழம் போகோணும். மேலை நிண்டால் கால் போட்டுக்கு அடியாலை போய் ஆள் மல்லாக்க விழுவார். கால் வைக்கிற இடத்திலை ஒரு தண்ணிக் குழாய்த் துண்டைக் கோத்தால் கயிறு காலை வெட்டாது. கயிற்று ஏணி வைக்கிறவை அடிப்படியிலை ஈயம் கட்டுங்கோ.

நினைவில்லாதவருக்கு: கை நுழையிற கண் உள்ள தடிப்பான வலைத்துண்டு, 2 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம். ஒரு விளிம்பை போட்டிலை கட்டி, மறு விளிம்பை ஆளுக்கு அடியாலை போட்டு, மேலை இழுத்தால் ஆள் பாய் சுருட்டுறமாதிரி உருண்டு வருவார். பாதிப் பாரம்தான் கைக்கு வரும். தங்கூசி வலையாலை இதைச் செய்யவேண்டாம், விரல் வெட்டும், ஆளும் மாட்டுவார்.

மருந்தகம்

இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெகு நேரம் தண்ணீரில் கிடந்தவரைச் செங்குத்தாகத் தூக்கினால் இரத்த அழுத்தம் சடுதியாக விழும். தண்ணீர் கால்களை நெருக்கிக்கொண்டிருந்தது, அந்த நெருக்கம் விடுபட்டதும் இரத்தம் கால்களுக்கு இறங்கும். மேலே வந்த பிறகு மயங்குகிறவர்கள் உண்டு. படுக்கை வாக்கில் உருட்டி எடுப்பது அதற்கும் நல்லது. ஆனால் மூச்சு இல்லை என்றால் எப்படி எடுத்தாலும் சரி, தாமதிக்க வேண்டாம்.

மூச்சில்லாதவருக்கு: வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டாம், தலைகீழாகத் தூக்க வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, முதலில் 5 தடவை வாயால் ஊத வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு முதல் குறை ஒட்சிசன், அதனால்தான் ஊதுவதில் தொடங்குகிறோம். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கல், 2 ஊதல், மாறி மாறி. ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. வலைக் குவியலின் மேல் வைத்து அமுக்கினால் வலைதான் அமுங்கும். பலகை மேல் கிடத்துங்கள். நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், ஊதுங்கள்.

எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இருமல், மூச்சிளைப்பு சில மணித்தியாலம் கழித்தும் கூடும். கரைக்கு வரும் முன்னரே 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு இறங்குதுறையின் பெயரைச் சொல்லுங்கள்.

நீலவலை

லைஃப் ஜக்கெட் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, ஆனால் வருமெண்டு தெரியும். செம்மஞ்சள் பஞ்சு ஜக்கெட் போட்டுக்கொண்டு வலை இழுக்க ஏலாது. கொளுக்கி எல்லாம் வலையிலை மாட்டும்.

ஒளிவீடு

நீலவலை சொல்லுறது சரி. கொளுக்கி முன்னாலை உள்ளது தொழிலுக்கு உதவாது. 50 நியூட்டன் தூக்குவலு உள்ள மெல்லிய பஞ்சு மேலங்கி, முன்பக்கம் வழுவழுப்பானது, நினைவோடை நீந்திறவருக்கு உதவும். ஆனால் மயங்கினவரை முகம் மேலை வர அது திருப்பாது. 150 நியூட்டன் காத்து நிரம்புற வகை மெல்லிசு, ஆனால் எங்கடை தொழிலிலை, தண்ணி பட்டதும் கரைஞ்சு காத்துச் சிலிண்டரைத் திறக்கிற அதின்ரை வில்லை உப்புத் தூத்தலிலையும் ஈரப் பெட்டிக்குள்ளையும் கரைஞ்சு போட்டுக்குள்ளையே வெடிக்கும். கையாலை இழுத்து நிரப்புற வகை அப்பிடி வெடிக்காது, ஆனால் மயங்கினவருக்கு அது இல்லாததுக்குச் சமன். காத்து வகையிலை எது வாங்கினாலும் 33 கிராம் சிலிண்டரை ஒவ்வொரு மாதமும் கழட்டி, ஓட்டை விழேல்லையோ, திருகு இறுக்கமோ எண்டு பாருங்கோ.

தோளிலை ஒளி திருப்புற ரேப், கழுத்திலை விசில். இந்த ரெண்டும் மலிவு. ரோச்சை இடுப்பிலை பிடிச்சால் ரேப் மின்னாது, கண்ணுக்குப் பக்கத்திலை பிடிக்கோணும், ஒளி வந்த வழியாலைதான் திரும்பும்.

கரைவலை

ஒருத்தரும் காணாமல் விழுந்தால்? விடியத்தான் தெரியவந்தால்?

நாவிகன்

பெரிய கப்பலுகளிலை கமராவும் ரேடாரும் வைச்சுக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு வருகுது. பயணிகள் கப்பலுக்கு 2020இலை ஐ.எஸ்.ஓ. 21195 எண்டு ஒரு தரம் வந்தது. வெப்பக் கமரா குளிர்க்கடலிலை நல்லாய் வேலை செய்யும். எங்கடை கடல் 29 பாகை, நனைஞ்ச தலையும் அதுக்குக் கிட்ட, வித்தியாசம் தெரியிறது குறைவு. சின்னப் போட்டுக்குச் சரியானது கையிலை கட்டுற கம்பியில்லாக் கட்டை. உப்புத் தண்ணி ரேடியோ அலையை விழுங்கும், கட்டை மூழ்கினதும் தொடர்பு அறுந்து எஞ்சின் நிக்கும் அல்லது சத்தம் போடும். மற்றது ஏ.ஐ.எஸ். (கப்பலுகள் தங்கடை இடத்தை ரேடியோவிலை தானாய் அறிவிக்கிற முறை) ஆள்-விழுந்த கருவி. ஜக்கெட்டிலை மாட்டுறது, 972இலை தொடங்குற இலக்கத்தோடை இடத்தை அனுப்பும். ஆனால் அந்தச் செய்தியைப் பிடிக்கிற போட்டிலை ஏ.ஐ.எஸ். இருக்கோணும்.

காசில்லாத வழி: இரவு எழும்பி விளிம்புக்குப் போறவர் மற்றவரைத் தட்டிச் சொல்லிப்போட்டுத்தான் போகோணும். சலம் போக விளிம்பிலை ஏறி நிக்கிறதை நிப்பாட்டி ஒரு வாளி வையுங்கோ. சிரிக்காதேங்கோ, இரவிலை ஒருத்தரும் காணாமல் விழுறதுக்கு இதை விட லேசான வழி இல்லை.

தெரிஞ்சது பிந்தினால், கடைசியாய்க் கண்ட நேரத்தை எழுதுங்கோ. ஜிபிஎஸ் தடத்திலையே திரும்பிப் போங்கோ, நீரோட்டம் போற பக்கத்திலை கண் கூட வையுங்கோ. இடம் ஓரளவு தெரிஞ்சால் இப்பிடித் தேடலாம்: தண்ணி நிரப்பின மிதப்பை விட்டு, அதிலையிருந்து 5 நொட்டிலை 3 நிமிசம் நேராய், வலப்பக்கம் 120 பாகை திரும்பி 3 நிமிசம், திரும்பவும் வலப்பக்கம் 120 திரும்பி 3 நிமிசம். மிதப்பிலை வந்து நிப்பீங்கள். திரும்பாமல் அதே திசையிலை தாண்டிப் போய் அடுத்த முக்கோணம். மூண்டு முக்கோணம், 27 நிமிசம். ஒவ்வொரு தடவை மிதப்பைத் தாண்டேக்கையும் எஞ்சினை நிப்பாட்டி ஒரு நிமிசம் காது குடுங்கோ. எஞ்சின் சத்தத்திலை விசில் கேக்காது. அந்த ஒரு நிமிசத்தை 27இலை சேர்க்கேல்லை.

சோளகம்

தேடத் தொடங்கின உடனையே அறிவியுங்கோ, தேடிக் களைச்ச பிறகு இல்லை. வி.எச்.எப். ரேடியோ இருந்தால் 16ஆம் அலைவரிசை. கடல் மீட்பை ஒருங்கிணைக்கிறது கடற்படையின்ரை கொழும்பு நிலையம். பக்கத்துப் போட்டுகளுக்கும் கூப்பிடுங்கோ, முதல் வந்து சேருறது அவையாய்த்தான் இருக்கும். பாக்குநீரிணையிலை எல்லைக்கோடு கிட்ட. ஆள் அங்காலை மிதந்துபோற மாதிரி இருந்தால் அதையும் அறிவிக்கேக்கையே சொல்லுங்கோ, இந்தியப் பக்கத்தோடை அவையள் கதைக்கோணும்.

இடம் சொல்லேக்கை வாற பிழை ஒண்டு. ஜிபிஎஸ் 9 பாகை 50 நிமிசம் எண்டு காட்டும், ரெலிபோனிலை '9.50' எண்டு சொல்லுவினம். ஒரு பாகைக்கு 60 நிமிசம், அதாலை 9.50 எண்டால் 9 பாகை 30 நிமிசம். 20 கடல்மைல் பிழை, 37 கிலோமீற்றர் தெற்கே, பூநகரி இருக்கிற அகலாங்கு. 'பாகை', 'நிமிசம்' எண்ட சொல்லை விடாமல் சொல்லிப் பழகுங்கோ.

கரைவலை

தாளின்ரை முதல் வரைவு நாளைக்குப் போடுறன். மேலதிகக் கிளிப் ஒரே கடையிலை எல்லா எஞ்சினுக்கும் கிடைக்குமோ?

பாக்குநீரிணை

ஒரே கயிறிலை ஏழெட்டு வடிவக் கிளிப் கோத்த கட்டு விக்கிறவை. வாங்கின உடனை உங்கடை எஞ்சினிலை ஒவ்வொண்டாய்ப் போட்டுப் பாத்து, பொருந்தினதுக்குச் சிவப்புப் பெயின்ற் அடியுங்கோ. இரவிலை எட்டையும் போட்டுப் பாக்க நேரமில்லை.